குடோன் அறைக்கு வைஃபை வந்த கதை

2023 நவம்பர் 20, இரவு பத்தே முக்கால். எங்கள் மலையூர் தாண்டிக்குடியில் மூன்றாவது நாளாக மழை. நான் வீட்டுக் குடோன் அறையில் உட்கார்ந்து ஒரு மிளகு வியாபாரியின் மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டனை (ஜிஎஸ்டிஆர்-3பி) தாக்கல் செய்துகொண்டிருந்தேன், அன்றுதான் கடைசி நாள். எல்லாம் ஏற்றியாகிவிட்டது, ஓடிபி போட்டால் முடிந்தது. ஃபோனுக்கு ஓடிபி வந்துவிட்டது. லேப்டாப் திரையில் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அது நின்றபோது நேரம் முடிந்துவிட்டது, மறுபடி லாகின் செய்யுங்கள் என்றது. மூன்று முறை இப்படி ஆனது. கடைசியில் லேப்டாப்பை முந்தானையில் மூடிக்கொண்டு மழையில் ஓடி, முன்வீட்டில் ரௌட்டருக்கு நேர் கீழே தரையில் உட்கார்ந்து பதினொன்று நாற்பதுக்கு முடித்தேன்.

ஒரு நாள் தள்ளிப்போனால் தாமதக் கட்டணம் 50 ரூபாய்தான். ஆனால் "அந்தப் பிள்ளைகிட்ட கொடுத்தா கடைசி நேரத்துல இழுத்தடிக்கும்" என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டால், அது ஐம்பது ரூபாயோடு போகாது.

எங்கள் வீடு தாத்தா கட்டியது. கல்லுக்கட்டுச் சுவர், ஒன்றரை அடி கனம், மேலே தகரம். முன்வீட்டுக்கும் குடோனுக்கும் நடுவில் ஒரு சந்து. காபி, மிளகு மூட்டை அடுக்கும் குடோனில் ஒரு மூலையைத் தட்டி வைத்துத் தடுத்து மேசை போட்டிருக்கிறேன். முன்வீட்டில் டிவி ஓடும், ஆட்கள் வந்து போவார்கள். கணக்குப் பார்க்கத் தோதாக இருப்பது அந்த மூலைதான். அங்கேதான் வைஃபை வரவில்லை.

முதலில் எல்லாரும் பழி போட்டது மேகத்தின் மேல். "மேகம் இறங்கிருச்சுல்ல தாயி, எப்படிக் கிடைக்கும்?" என்றார் அப்பா. மலையில் இருக்கிறவர்களுக்கு இது ஒரு பழக்கம். மழைக்காலத்தில் மரம் சாய்ந்து ஃபைபர் அறும், கரண்ட் போகும், கரண்ட் போனால் சிறிது நேரத்தில் டவரும் படுத்துவிடும். இத்தனையும் மேகம் இறங்கும் நாளில்தான் நடக்கும் என்பதால் பழி அதன் தலையில் விழுகிறது. வீட்டுக்குள் இருபது முப்பது அடி தூரம் போகிற 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலையை மூட்டத்தில் இருக்கிற நுண்துளி ஒன்றும் செய்துவிடாது. கல் சுவர் செய்யும். தகரம் செய்யும். எங்கள் வீட்டில் பீரோ செய்தது.

ஆமாம், பீரோ. ஃபைபர் போட வந்த தம்பி, சுவிட்ச் இருக்கிற இடமாகப் பார்த்து ரௌட்டரை மாட்டிவிட்டுப் போனார். அது அம்மாவின் இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் கையகல இடம். குடோன் இருக்கும் திசைக்கும் ரௌட்டருக்கும் நடுவே ஆறடி உயர இரும்புத் தகடு, அதன் கதவில் ரசம் பூசிய கண்ணாடி வேறு. இரண்டு வருடம் அதைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறேன், ஒரு நாளும் தோன்றவில்லை.

தோன்றியது எப்படி என்றால், அளக்க ஆரம்பித்த பிறகுதான். திரையில் தெரியும் பார்களை நம்பக் கூடாது. மூன்று பாருக்கும் இரண்டு பாருக்கும் நடுவில் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து நெட்ஷ், டபிள்யூலேன், ஷோ, இன்டர்ஃபேசஸ் என்று நான்கு சொல்லை ஆங்கிலத்தில், இடம் விட்டு விட்டு அடித்தால் ஒரு பட்டியல் வரும். அதில் பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று சிக்னல் சதவீதம். இரண்டாவது ரிசீவ் ரேட், அதாவது ரௌட்டரிலிருந்து லேப்டாப்புக்கு வரும் இணைப்பின் வேகம். மூன்றாவது ரேடியோ டைப், அதாவது 802.11 என்ற எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து, எந்தத் தலைமுறை வைஃபை என்று அது சொல்லும். சதவீதத்தைப் பாதியாக்கி அதிலிருந்து நூறைக் கழித்தால், சிக்னலின் வலிமையைச் சொல்லும் டிபிஎம் கணக்கு வந்துவிடும். மைனஸ் எண் சைபரை நெருங்க நெருங்க சிக்னல் பலம். என் மேசையில் அன்று 36 சதவீதம், அதாவது மைனஸ் 82. மைனஸ் 67 பக்கத்தில் இருந்தால் வீடியோ கால் நிம்மதியாக ஓடும். மைனஸ் 80ஐத் தாண்டினால் இணைந்திருக்கிறது என்று பெயர்தான்.

ரௌட்டரைப் பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்து, குடோன் பக்கம் பார்த்த ஜன்னலுக்கு மேலே மாட்டினோம். பத்தடி ஒயரும் எலக்ட்ரீஷியன் கூலியும்தான் செலவு. மேசையில் 36 சதவீதம் 50 ஆனது. மைனஸ் 82 எங்கே, மைனஸ் 75 எங்கே! இந்தக் கணக்கில் மூன்று கூடினால் வரும் சக்தி இரண்டு மடங்கு என்று அர்த்தம். இங்கே ஏழு கூடியிருக்கிறது. லேப்டாப்புக்குள் வைஃபை பிடிக்கும் கார்டு, ஆன்டெனா என்று பணத்தை எடுக்கும் முன்னால் எல்லாரும் ரௌட்டரை ஒருமுறை நகர்த்திப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆனால் வேலை முடியவில்லை. டிசம்பரில் பறிப்பு ஆரம்பித்து மூட்டை ஏற ஏற, சிக்னல் மறுபடி நாலைந்து டிபிஎம் இறங்கியது. தண்ணீர் இந்த அலையை உறிஞ்சும், காபிப் பழத்தில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். பறித்த பழத்தை ஒரு ராத்திரி எனக்குக் குறுக்கே அடுக்கிய அன்று இணைப்பு நொண்டியதைக் கண்ணால் பார்த்தேன். மூட்டைகளை எதிர்ச் சுவர் ஓரம் அடுக்கச் சொன்னேன். "கம்ப்யூட்டருக்காக மூட்டையை மாத்தணுமா?" என்று அப்பா சிரித்தார். ஆனால் மாற்றினார்.

அதன் பிறகும் வேகம் நாலு எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை. எங்கள் இணைப்பு 40. அப்போதுதான் செய்ய வேண்டிய சோதனையைச் செய்தேன். ஃபோனை லேப்டாப்பின் மேலேயே வைத்து இரண்டிலும் ஒன்றன்பின் ஒன்றாக ஸ்பீடு டெஸ்ட் ஓட்டினேன். ஃபோனில் 28. லேப்டாப்பில் 4. ஃபோன் மட்டும் வேறு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் ஒப்பீடு நியாயமில்லை என்பதால், ரௌட்டரில் 5ஐ அணைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். ஃபோனில் 24, லேப்டாப்பில் அதே 4. ஒரே மேசை, ஒரே ரௌட்டர், ஒரே அலைவரிசை. சுவரும் மூட்டையும் இரண்டுக்கும் பொது. அப்படியானால் கோளாறு லேப்டாப்பில்தான் இருக்க வேண்டும்.

டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர் என்ற தலைப்பின் கீழே கார்டின் பெயர் இருக்கும். அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தால் அதன் ஜாதகம் முழுக்கக் கிடைத்துவிடும். என்னுடையது 2019இல் வாங்கிய, ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 3 பிராசஸர் போட்ட, விலை குறைந்த லேப்டாப். அதில் இருந்த கார்டு ஒற்றை ஆன்டெனாவில் ஓடுவது, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். எல்லாம் கூடி வந்தாலும் 72 எம்பிபிஎஸ்தான் அதன் உச்சம், அதுவும் ரௌட்டருக்கு அருகில். தூரத்தில் அது 13க்கும் 19க்கும் நடுவில் தள்ளாடியது. நிஜமாகக் கைக்கு வரும் வேகம் அதிலும் பாதிக்குக் கீழே. ஆயிரக்கணக்கில் விலை கொடுக்கும் பொருளில் இருநூறு முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கிற இடம் இது. பெட்டியின் மேல் வைஃபை என்று மட்டும் போட்டிருக்கும். ஒரு ஆன்டெனாவா இரண்டா என்று எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள், நாமும் கேட்பதில்லை.

கார்டு மாற்றுவது என்று முடிவு செய்தேன். இங்கே நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும்.

இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201 என்று இரண்டு கார்டுகள் இருந்தன. பார்க்க அச்சு அசல் ஒன்றுதான், இரண்டும் வைஃபை 6. ஒரு எண் கூட என்றால் கொஞ்சம் புதுசு போல என்று 201ஐ வாங்கினேன். பார்சல் வத்தலக்குண்டுக்கு வந்து, அங்கே சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பி பஸ்ஸில் கொடுத்துவிட, ஆசையாகத் திறந்து மாட்டினேன். அழகாகப் பொருந்தியது. லேப்டாப்பை ஆன் செய்தால் அப்படி ஒரு கார்டு இருப்பதே அதற்குத் தெரியவில்லை. கழற்றி மாட்டினேன், துடைத்து மாட்டினேன், ஒன்றும் இல்லை. தம்பிக்கு ஃபோன் போட்டேன். "அக்கா, உங்களோடது ஏஎம்டிதானே? 201 முழு கார்டு கிடையாது. பாதி மூளை இன்டெல் சிப்செட்டுக்குள்ள இருக்கும். அந்த மதர்போர்டு இல்லேன்னா அது வெறும் தகடு" என்றார்.

அவர் சொன்னதை அப்புறம் படித்துப் புரிந்துகொண்டேன். சிஎன்விஐ என்று இன்டெல் ஒரு முறை வைத்திருக்கிறது. கார்டின் வேலையில் ஒரு பங்கைத் தன் பிராசஸரோடு வரும் சிப்புக்குள் வைத்துவிட்டு, கார்டில் ரேடியோவை மட்டும் வைப்பது. 9560, ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 எல்லாம் அந்த வகை. அதற்கு ஏற்ற இன்டெல் லேப்டாப்பில்தான் ஓடும். 9260, ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 ஆகியவை தனியாக நிற்கும் முழு கார்டுகள், ஏஎம்டியிலும் ஓடும். வெளித்தோற்றத்தில் வித்தியாசம் இல்லை, ஸ்லாட்டில் உட்காருவதிலும் வித்தியாசம் இல்லை. அதனால்தான் ஏமாறுகிறோம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது இன்னும் ஒன்றிரண்டு உண்டு. 2013, 14க்கு முந்தைய லேப்டாப் என்றால் பெரும்பாலும் உள்ளே இருப்பது மினி பிசிஐஇ என்ற பழைய வகை ஸ்லாட், இந்தக் கார்டுகளின் எம்.2 என்ற வடிவம் அதில் நேராகப் போகாது. ஆன்டெனா முனையும் இரண்டுக்கும் வேறு அளவு. சில கம்பெனிகளின் பழைய மாடல்களில் இன்னொரு வம்பு: தாங்கள் அனுமதித்த கார்டைத் தவிர வேறு எதைப் போட்டாலும், லேப்டாப் பூட் ஆகும்போதே நின்று மறுக்கும்படி, லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் பயாஸ் என்ற மென்பொருளில் பட்டியல் வைத்திருப்பார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளில் நாம் என்ன மாட்டலாம் என்று அவர்கள் சொல்வது எனக்கு இன்றும் எரிச்சல்தான். உங்கள் மாடல் எண்ணோடு கார்டின் பெயரையும் போட்டுத் தேடினால் முன்னால் மாட்டியவர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள்.

சரி, ஏஎக்ஸ்200 வந்தது. 1,700 ரூபாய். எங்கள் ரௌட்டருக்கு 6 கிகாஹெர்ட்ஸ் கிடையாது என்பதால், அதையும் பிடிக்கும் 210க்கு மேலும் செலவழிக்கவில்லை.

மாட்டும் முன் செய்து வைக்க வேண்டிய ஒரு காரியத்தை 201 எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. புது கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் பழைய கார்டு இருக்கும்போதே இறக்கி பென் டிரைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மாட்டியபின் டிரைவர் இல்லை என்றால் வைஃபை வராது, வைஃபை இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது? மறந்துவிட்டால் ஃபோனை யூஎஸ்பி ஒயரில் மாட்டி, அதன் இணையத்தை லேப்டாப்புக்குக் கொடுக்கும் டெதரிங் போட்டுச் சமாளிக்கலாம். லினக்ஸ்காரர்களுக்கு ஏஎக்ஸ்200க்கு கெர்னல் 5.1, 210க்கு 5.10 அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும்.

அது ஜனவரி. காற்றில் ஈரம் இல்லை, குளிர் மட்டும் வெட்டுகிறது. கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றும்போது சடசடவென்று பொரியுமே, அந்த மின்சாரம் கார்டுக்கு ஆகாது. அதனால் ஸ்வெட்டரையும் சால்வையையும் கழற்றி வைத்துவிட்டு, பருத்திப் புடவையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். தொடங்கும் முன், உடம்பில் தேங்கிய மின்சாரம் மண்ணுக்கு இறங்க பம்ப் செட்டுக் குழாயைத் தொட்டுவிட்டு வந்தேன். இடையிடையே எழுந்து நடந்தால் திரும்பவும் தொட வேண்டும்.

அடிமூடியில் தெரிகிற ஸ்க்ரூ எல்லாம் கழற்றிய பிறகும் மூடி அசையாது. அப்போது முரட்டுத்தனம் பண்ணக் கூடாது. என்னுடையதில் அடியில் ஒட்டியிருந்த ரப்பர் பட்டைகளுக்குள் இரண்டு ஸ்க்ரூ ஒளிந்திருந்தன. டிவிடி டிரைவை உருவியபின் அந்தப் பொந்தில் இன்னும் சில. நீளம் வேறு வேறாக இருக்கும். நீளமானதைக் குட்டை இடத்தில் முறுக்கினால் மேல்புறம் பொத்துக்கொண்டு வந்துவிடும். ஒரு அட்டையில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் அந்தந்த ஸ்க்ரூவைக் குத்தி வைத்தேன். மூடியை நெம்ப காலாவதியான ஏடிஎம் கார்டு. இரும்பு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக் பல் உடையும், மதர்போர்டிலும் கீறல் விழும்.

திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. அதைச் செய்யாமல் வேறு எதையும் தொடாதீர்கள். கார்டு தபால் தலை அளவுதான் இருக்கும், 22க்கு 30 மில்லிமீட்டர். ஒரே ஸ்க்ரூ. ஆன்டெனா ஒயர் அதன் முனையில் சிறு பொத்தான் போல் மாட்டியிருக்கும். அதை ஒயரைப் பிடித்து இழுக்காமல், நகத்தால் நேர் மேலே தூக்க வேண்டும். ஸ்க்ரூவை எடுத்தவுடன் கார்டு தானாகச் சாய்வாக எழும்பி நிற்கும், அப்படியே உருவலாம்.

இந்த வேலையிலேயே கஷ்டமான கட்டம் புது கார்டில் அந்தப் பொத்தானைப் பூட்டுவது. கடுகுக்கும் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். நேராக உட்கார வைத்து விரலால் அழுத்தினால் டிக் என்று ஒரு சின்னச் சத்தம் வரும். சத்தம் வராமல் அழுத்தம் கூட்டினால் அதன் விளிம்பு நசுங்கும். எனக்குப் பத்து நிமிஷம் ஆனது, அம்மாவின் படிக்கிற கண்ணாடியைக் கடன் வாங்கி. அடிக்கடி கழற்றி மாட்டத் தாங்கக்கூடியதல்ல அது. 201இல் ஏற்கெனவே நாலு முறை கழற்றி மாட்டியதை நினைத்துப் பயமாக இருந்தது.

ஆன் செய்ததும் கார்டு தெரிந்தது. டிரைவர் ஏறியது. ப்ளூடூத்தும் கூடவே புதிதாக வந்தது. ஆனால் குடோனில் வேகம் 9. நாலிலிருந்து ஒன்பது. 1,700 ரூபாய்க்கு இதுவா?

காரணம் எளியது. கார்டில் இரண்டு ஆன்டெனா முனை, லேப்டாப்பில் ஒரே ஒயர். ஒற்றை ஆன்டெனா கார்டு போட்ட கம்பெனி இரண்டாவது ஒயரை எதற்குப் போடும்? சில லேப்டாப்களில் இரண்டாவது ஒயர் முனையில் உறை மாட்டி ஓரமாகச் செருகப்பட்டிருக்கும் என்று தம்பி சொன்னார். ஒட்டுநாடாவை எல்லாம் தூக்கிப் பார்த்தேன், என்னுடையதில் இல்லை. மூடியைத் திறந்த முதல் நாளே எண்ணியிருக்க வேண்டிய விஷயம் இது.

பட்டையாக, ஸ்டிக்கர் போல ஒட்டுகிற உள் ஆன்டெனா கிடைக்கிறது. கார்டில் பூட்டுகிற எம்எச்எஃப்4 என்ற முனை வைத்தது, 2.4, 5 இரண்டுக்குமானது என்று கேட்டு வாங்கினேன். முறைப்படி அதைத் திரையின் மேல் ஓரத்தில் ஒட்டி, கீல் வழியாக ஒயரைக் கொண்டுவர வேண்டும். திரையைப் பிரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. உள்ளங்கை வைக்கும் பகுதியின் முன் ஓரம் முழுக்கப் பிளாஸ்டிக். பேட்டரியிலிருந்து தள்ளி அங்கே ஒட்டி, ஒயரை மின்விசிறிப் பக்கம் போகாமல் ஓரமாக ஓட்டினேன். உலோக உடம்பு லேப்டாப்பில் இந்தக் குறுக்கு வழி பலிக்காது, அலை வெளியே வராது.

மூடியைப் பூட்டி ஆன் செய்தேன். சிக்னல் 60 சதவீதம், மைனஸ் 70. பார்த்தால் பெரிய ஏற்றம் இல்லை. ஆனால் ரிசீவ் ரேட் 78க்கும் 104க்கும் நடுவில் நின்றது, ஸ்பீடு டெஸ்ட் 31 காட்டியது. இரண்டு ஆன்டெனாவில் இரண்டு தடம் ஒரே நேரத்தில் ஓடுகிறது, ஒரு தடத்தில் சுவரில் பட்டுச் சிதறியதை இன்னொன்று பிடித்துக்கொள்கிறது.

இரண்டு நாள் கழித்து ஒரு சின்னத் தொல்லை. கார்டு 5 கிகாஹெர்ட்ஸைக் கண்டால் தாவிப் பிடிக்கும், ஒன்றரை அடிக் கல் சுவரில் அது தாங்காமல் விழும், மறுபடி 2.4க்கு வரும். அந்தத் தாவலில் அரை நிமிடம் போய்விடும், ஓடிபிக்கு அந்த அரை நிமிடம்தான் உயிர். டிவைஸ் மேனேஜரில் கார்டின் பண்புகளுக்குள், அட்வான்ஸ்டு என்ற பக்கத்தில் ப்ரிஃபர்டு பேண்ட் இருக்கிறது. அதை 2.4க்கு மாற்றினேன். பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற குறியையும் எடுத்துவிட்டேன். புதுசாக வந்த 5 கிகாஹெர்ட்ஸை முன்வீட்டில் மட்டும்தான் பயன்படுத்துகிறேன்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு ஊரில் நாலு பேர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்று பேரைத் திருப்பி அனுப்பினேன். ஒருவருடையதில் ஏற்கெனவே இரண்டு ஆன்டெனா கார்டு இருந்தது, ரௌட்டர்தான் மாடிப்படிக்கு அடியில். இன்னொருவருடையதில் கார்டு மதர்போர்டோடு பற்றவைத்து வந்திருக்கிறது, கழற்றவே முடியாது, யூஎஸ்பியில் மாட்டும் அடாப்டரே போதும் என்றேன். மூன்றாவது ஒரு மதினி, வாரண்டி இன்னும் முடியாத லேப்டாப். அதைத் திறக்க நான் கை வைக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், குடோனுக்குச் சரியான வழி கார்டே அல்ல. முன்வீட்டு ரௌட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளை இழுத்து இந்தப் பக்கம் வைஃபை தரும் ஒரு சிறிய ஆக்சஸ் பாயின்ட் வைத்தால் சுவர் என்ற பேச்சே இருக்காது. முப்பது மீட்டர் கேபிளும் வாங்கியாயிற்று. நடுவில் இருக்கும் சந்துக்கு மேலாகக் கட்ட தகரத்தின் மேல் ஏற வேண்டும், ஏறக்கூடிய ஆட்கள் எல்லாரும் இப்போது மிளகுக் கொடியில் ஏணி சாத்தி நிற்கிறார்கள். கேபிள் சுருள் பீரோ மேல் இருக்கிறது, பக்கத்தில் 201.